டீவியில வர்ற மூஞ்சி

இல்ல மேடம், இளவரசி இப்ப இங்க இல்ல. புருசனையும் புள்ளயையும் இட்டுகினு வில்லியனூருல வாடகைக்குப் போயி பதினஞ்சு நாளாவுது. கொழந்தைங்க நல ஆபீசுன்றீங்க, வீடியோவப் பாத்துட்டு இப்பதான் வர்றீங்களா? உக்காருங்க. ஆமா, அதுல வர்ற வூடு இதான். அந்த மூலையிலதான் புள்ள தரையில வுழுந்து அழுவும்.

எம் பேரு மஞ்சுளா. அவ எனுக்கு ஓரவத்தி. எங்க வூட்டுக்காரரோட தம்பி புகழ்வேந்தன் கட்டிகினு வந்தது.

அவ பெரிய படிப்பெல்லாம் ஒன்னும் படிக்கல. குருவிநத்தம் ஆத்தங்கரையில போனை நீட்டிகினு நின்னு, இங்க தண்ணி வரல, அங்க பஸ் நிக்கலன்னு பேசுவா. அத நாலாயிரம் அஞ்சாயிரம் பேரு பாப்பானுங்க. வேலயத்தவனுங்க. அதப் பாத்துட்டு பாண்டியில ஒரு சேனல்காரன் நியூஸ் வாசிக்கக் கூப்ட்டுட்டான். அவ பொண்ணு யாழ்மொழிக்கு அப்ப ஒம்போது மாசம். பால் குடிக்கிற புள்ளய என் கையில குடுத்துட்டு, லிப்ஸ்டிக்கப் போட்டுகினு ஏழு மணி பஸ்ஸுக்குக் கெளம்புவா பாருங்க, மகாராணி. சாயந்தரம் பால் கட்டிகினு ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சி வந்து நிப்பா. யாரு போவச் சொன்னா?

ஒன்ற வருசம் மேடம். சோறு ஊட்டுனது, கால் கழுவுனது, மொத அடி வெக்கும்போது கையப் புடிச்சது எல்லாம் நான். எனுக்குப் புள்ளயா? இல்ல. கட்டிகினு வந்து பதினோரு வருசம், ஒன்னும் தங்கல. அத வுடுங்க, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்.

வீடியோவ நான் எங்க மகளிர் குழு வாட்சப்புலதான் போட்டேன். அம்மா டீவியில, புள்ள அழுவையிலன்னு மேல எழுதுனேன், அவ்ளோதான். எவளோ எடுத்து ஃபேஸ்புக்குல வுட்டுட்டா. மறுநாளு மூணு லட்சம் பேரு பாத்துட்டான். பெத்தவளா பேயான்னு துபாய்லேர்ந்து எழுதுறான் ஒருத்தன். சேனல்காரன் கொஞ்ச நாளைக்கு வராதன்னுட்டான். அவனுக்கு இன்னா, இவ இல்லன்னா இன்னொரு மூஞ்சி.

இளவரசி நேரா வந்து என் முடியப் புடிப்பான்னு நெனச்சேன். வரல. வீடியோ போட்டு அழுது ஜனங்ககிட்ட மன்னிப்பு கேப்பான்னு நெனச்சேன், அதுவும் இல்ல. வாசல்ல உக்காந்து, பவுடருகூடப் பூசாம, புள்ளய மடியில வெச்சிகினு பேசுனா. நான் வேலைக்குப் போற அம்மா, எம் பொண்ண எங்க வூட்டு ஆளுங்க நல்லாத்தான் வளத்தாங்க, அவங்கள யாரும் ஒரு வார்த்த பேசாதீங்கன்னா. எடுத்தது யாருன்னு அவளுக்குத் தெரியும். எம் பேர சொல்லல. திமிருதான மேடம் அது? மூஞ்சில காறித் துப்பியிருந்தாகூட ஆறியிருக்கும்.

அதையும் அஞ்சு லட்சம் பேரு பாத்தானுங்க. பேயின்னவனே தாயேன்றான். வெக்கங்கெட்ட ஜனம். சேனல்காரன் கார் போட்டுகினு வந்து கெஞ்சுறான். புள்ளயக் கூடவே வெச்சிக்கலாம்னா வர்றேன்னா. சரின்னுட்டான். அன்னிக்கே மூட்டயக் கட்டிட்டா. புள்ள போவும்போது எனுக்கு டாட்டா காட்டிச்சு. நான் உள்ள வந்துட்டேன்.

இன்னா கேட்டீங்க? பசியில அழுதுதா? என் கையில வளர்ற புள்ளைக்குப் பசியா? அப்பதான் ரசஞ்சாதம் ஊட்டி வாயத் தொடச்சேன். ஒரு மணி நியூஸ் போட்டான். அவ வந்தா. என் இடுப்புலேர்ந்து வழுக்கி எறங்கி ஓடிப்போயி, டீவியில அவ மூஞ்சத் தடவி, ம்மா ம்மான்னு சிரிக்குது மேடம். ஒன்ற வருசத்துல என்னிய ஒரு நாளும் அப்டிக் கூப்ட்டதில்ல.

நான் டீவிய அணைச்சேன். அழுவாம இன்னா செய்யும்? போனு கையிலதான் இருந்துது.

எழுதிக்கங்க.