ஏழாவது பின்னில் ஒரு கீறல்

தலைமுடி காயவைக்கும் மெஷினைக் காணோம் என்று என் மனைவி இரண்டு மாதமாக வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினாள். அது வேலையிடத்தில் என் லாக்கரில் இருந்தது. ஒரு டீசல் இன்ஜினின் கனெக்டரைச் சூடுபடுத்திப் பார்க்க அதைவிடத் தோதான சாமான் எங்கள் ரயில் ஷெட்டில் கிடையாது. விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் நான் எவ்வளவு தூரம் முறைப்படி முயன்று பார்த்தேன் என்பது தெரிந்தால்தான் மீதி புரியும்.

நான் அந்த ஷெட்டில் இருபத்தொரு வருடமாக எலெக்ட்ரீஷியன். இறந்துபோன ஓட்டுநர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். எனக்குப் பொறுமை இல்லை என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் போனதில் உங்கள் அறிக்கையில் இருக்கும் எவரையும்விட எனக்குத்தான் இழப்பு அதிகம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்ஜின் பழையது. டீசலை அளந்து விடுவதற்குப் பிற்காலத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தின் அருகே இரண்டு சென்சார்கள் இருந்து, அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தனித்தனியே பெட்டிக்குச் சொல்லும். இரண்டில் எது அதிகமாகச் சொல்கிறதோ அதைப் பெட்டி நம்பும். வேகம் குறைந்தால் டீசலைக் கூட்டும், கூடினால் குறைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் டீசலை அடியோடு நிறுத்திவிடும். இன்ஜின் அணைந்துவிடும். நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

இந்த இன்ஜின் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு மேடேறும்போது அணைந்தது. பத்து நிமிடம் கழித்துப் பொத்தானைத் தொட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினாலும் முனகக்கூட இல்லை. மீட்டர் வைத்தேன், எல்லாம் சரி. சென்சார் இரண்டையும் மாற்றினேன், மறுவாரமே அணைந்தது. பெட்டியை மாற்றினேன், நான்காம் நாள் அணைந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இரண்டு சென்சார்களின் ஒயர்களும் இன்ஜினின் பின்பக்கச் சுவரில் ஒரே கனெக்டர் வழியாகப் போகின்றன. அதற்குள் ஒயர்களைச் சேர்க்கும் ஊசி மாதிரியான பின்களில் ஏழாவது பின் இரண்டுக்கும் பொது. சூடும் அதிர்வும் சேரும்போது அது மட்டும் விட்டுவிடுகிறது. ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

கனெக்டரோடு சேர்த்து ஒயர்க் கட்டு முழுவதையும் புதிதாகக் கேட்டேன். ஃபோர்மேன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பழுதைக் காட்டுய்யா, புதுசு தர்றேன். காட்டாமலே கேட்டா நான் மேல என்னன்னு எழுதறது?"

"ஓடும்போதுதான் சார் விடுது. நிக்கும்போது எப்படிக் காட்டறது?"

"அப்ப ஓடும்போது காட்டு."

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே புகாருக்கு மூன்று முறை 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதப்பட்டால் புகார் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த இன்ஜினுக்கு அந்தக் காரணம் சொல்லி ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. முதல் இரண்டு முறை நான் தலை குனிந்து நின்றேன். மூன்றாம் முறைக்கு முன்பாகத்தான் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுபோனேன். நான்கு நாள், தினமும் மதியம், கனெக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சூடு காட்டினேன். போகிற வருகிறவனுக்கெல்லாம் வேடிக்கை.

"என்னண்ணே, வண்டிக்கு ஜலதோஷமா? ஆவி புடிச்சு விடறீங்களா?"

"அப்படியே ஒரு கம்பளியும் போர்த்தி விடுங்கண்ணே."

சூடு மட்டும் போதவில்லை, அதிர்வும் வேண்டும். ஐந்தாம் நாள் ஃபோர்மேன் மூன்றாவது முறையாக 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதி, என் கையெழுத்தையும் வாங்கினார். இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதலாம். இருக்கிற ஒன்றை இல்லை என்று எழுதி அதில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். அந்த வாரம் அவரும் அதே இன்ஜினை ஒருமுறை ஓட்டியிருந்தார். அன்றைக்கென்று அது அணையவில்லை.

"மாப்ள, உங்க வண்டி மேடேறினா மயக்கம் போட்டு விழுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. நான் ஓட்டினப்ப குதிரை மாதிரி போச்சே. பயந்துடுச்சோ?"

"ஏழாவது பின் மச்சான். சூடானா விட்டுடுது."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்க முடியாது. ஆனா அதுதான்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "மாப்ள, நீங்க நல்ல வேலைக்காரர், இல்லைன்னு சொல்லலை. ஆனா சில நேரம் நம்ம மண்டைக்குள்ள இருக்கற பழுதைத்தான் வண்டியில தேடிட்டு இருப்போம்."

என் மனைவி சிரித்தாள். என் மகளும் சிரித்தாள். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் கோபத்தில் செய்துவிட்டான் என்று யாராவது சொல்லக்கூடும். அப்போது எனக்குத் தோன்றியது வேறு. பழுதைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் எழுதினால் ஃபோர்மேன், தூங்கி வழிந்திருப்பான் என்பார். மச்சான் இருபத்தாறு வருடத்தில் ஒரு புகார்கூட எழுதாதவர். அவர் ஒரு வரி எழுதினால் அதை யாராலும் தள்ள முடியாது.

ஆனால் அவர் ஓட்டும்போது இன்ஜின் அணைந்தால் மட்டும் போதாது. அணைவதில்தான் தொல்லையே. அணைந்த இன்ஜின் ஆறிவிடும், ஏழாவது பின் ஒட்டிக்கொள்ளும், திரும்பவும் நான் வெறுங்கையோடு நிற்பேன். பெட்டி ஏமாந்துபோய் டீசலை நிறுத்தக் கூடாது. இல்லை என்று யாரும் எழுத முடியாதபடி பழுது தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

பெட்டியை மேசையில் வைத்துச் சோதிக்க எங்களிடம் ஒரு சின்னப் பிளக் உண்டு. இன்ஜின் சுற்றுவது போலப் போலியாகத் துடிப்பு அனுப்பும். நாங்கள் அதற்கு 'பொய்சொல்லி' என்று பெயர் வைத்திருந்தோம். எவ்வளவு வேகம் என்று பொய் சொல்ல வேண்டும் என்பதை ஒரு திருகில் வைக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை, கனெக்டரைத் தொடாமல், நேரே பெட்டியில் இரண்டாவது சென்சாரின் ஒயர் வந்து சேரும் இடத்தில் அதைச் செருகி, இன்ஜின் ஓடும் மிகக் குறைந்த வேகத்துக்கும் சற்றுக் கீழே திருகை வைத்தேன். சாதாரணமாக ஓடும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. முதல் சென்சார் அதிகமாகச் சொல்லும், பெட்டி அதையே நம்பும். ஏழாவது பின் விடும்போது மட்டும் பொய்சொல்லியின் குரல் தனியாகக் கேட்கும். இன்ஜின் தள்ளாடுகிறது என்று பெட்டி நினைத்து டீசலைக் கூட்டும். எவ்வளவு கூட்டினாலும் வேகம் ஏறியதாகத் தெரியாது. மேலும் கூட்டும்.

அப்படி வேகம் மிஞ்சினால் நிறுத்துவதற்கு இன்ஜினின் பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு லீவர் இருக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். எல்லை தாண்டினால் தானாக விழுந்து டீசலை அடைத்துவிடும். விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும் என்பதால் அதைக் கட்டுக்கம்பியால் கட்டினேன். மூன்று சுற்று. நுனியை உள்பக்கம் மடித்தேன், கை கிழிக்காமல் இருக்கட்டும் என்று.

ஓட்டுநர் அறையில் அவசரப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் டீசல் பம்பு நிற்கும். குழாயில் மிச்சமிருக்கும் டீசலில் இன்ஜின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானே ஓயும். இதை நான் கணக்கில் எடுத்திருந்தேன். அதிகம் போனால் இன்ஜின் கெடும், அவ்வளவுதான். கெட்ட இன்ஜினைப் பிரித்துத்தானே ஆக வேண்டும். பிரித்தால் கனெக்டரையும் கழற்ற வேண்டும்.

மதியம் இரண்டே முக்கால் மணிக்கு மேட்டில் அது நடந்தது. உதவி ஓட்டுநர் உங்களிடம் சொன்னதை நானும் படித்தேன். சத்தம் ஏறியதும் மச்சான் பொத்தானை அழுத்தினார். சத்தம் குறையவில்லை. "நீ இங்கயே இரு, வண்டியை நிறுத்து. நான் லீவரைக் கையால தட்டிவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இன்ஜின் அறைக்குள் போனார். முக்கால் நிமிடம் கழித்து இன்ஜின் பக்கவாட்டில் வெடித்தது.

அழைப்பு வந்து ஷெட்டிலிருந்து போனவர்களில் நானும் ஒருவன். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதால் முதலில் உள்ளே போனதும் நான்தான். மச்சானைப் பார்த்தேன். பிறகு பொய்சொல்லியைக் கழற்றிப் பையில் போட்டேன். கட்டுக்கம்பியையும் வெட்டி எடுத்தேன். இரண்டு சுற்று அவிழ்ந்திருந்தது. மறைப்பதற்காக எடுக்கவில்லை. அவை கண்ணில் பட்டால் நீங்கள் எல்லோரும் அவற்றையே பிடித்துக்கொண்டு தொங்குவீர்கள், கனெக்டரை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்பதால் எடுத்தேன்.

அவருடைய விரல்களில் மெல்லிய வெட்டுக்காயங்கள் இருந்தன என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். காரணம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். காரணம் அந்தக் கம்பிதான். நான் முறுக்கினால் எளிதில் அவிழாது.

அழுது ஓய்ந்து என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, நீங்கதானே முதல்ல பாத்தீங்க. அண்ணன் ரொம்ப வேதனைப்பட்டிருப்பாராங்க?"

"இல்லம்மா. கடைசிவரை வேலையிலதான் கவனமா இருந்திருக்கார்" என்றேன். அது உண்மைதான். அவள் அதைக் கேட்டுக் கொஞ்சம் தேறினாள்.

நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். அறிக்கை வந்தது. 'கட்டுப்பாட்டுச் சுற்றில் பழுது எதுவும் கண்டறியப்படவில்லை. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தத் தாமதித்தார்.' அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு மனிதன் செத்த பிறகும் அதே வார்த்தை. நீங்கள் கனெக்டரைக் கழற்றவே இல்லை. வெளியிலிருந்து மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். குளிர்ந்த இன்ஜினில்.

இன்ஜினை உடைக்க அனுப்பும் முன் நானே அதைக் கழற்றி, ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். ஏழாவது பின்னின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு பாதிகளையும் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பொய்சொல்லியும் கம்பியும் இருக்கின்றன, ஆனால் தயவுசெய்து முதலில் கனெக்டரைப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அன்று யார் ஓட்டுகிறார் என்று உனக்குத் தெரியுமா? தெரியும். பணிப் பட்டியலைப் பார்த்துத்தான் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஓட்டுநர்கள் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், லீவரைக் கையால் தட்ட உள்ளே போவார்கள் என்பது தெரியுமா? ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். போனால் கம்பியைப் பார்ப்பார் என்பது? பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த முறுக்கைப் பார்த்தால் யார் கட்டியது என்று அவருக்கு விளங்கிவிடும். எதற்காக என்றும் விளங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பேசியதை யோசித்துப் பார்ப்பார்.

யோசித்திருப்பார் என்றே நினைக்கிறேன். முக்கால் நிமிடம் அதற்குப் போதும். அவர் மட்டும் உயிரோடு வெளியே வந்திருந்தால் நேராக ஃபோர்மேனிடம் போய், மாப்பிள்ளை சொன்னதுதான் சரி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருப்பார்.