கைக்கெட்டும் தூரம்

கணினி விளையாட்டில் ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையற்ற வேலையாகத் தெரியலாம். ஆனால் ஆடுபவன் எங்கே நிற்பான், எதைப் பார்ப்பான், எப்போது ஓடுவான் என்பதெல்லாம் அந்தக் கதவைப் பொறுத்ததுதான்.

பகலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் வரைபடம் போடுகிறேன். மிச்ச நேரமெல்லாம் பழைய போர் விளையாட்டு ஒன்றுக்குப் போய்விடும். அதைச் செய்த நிறுவனமே அதை மறந்துவிட்டது. எங்களைப் போன்ற ரசிகர்கள்தான் அதற்குள் சொந்தமாக இடங்களையும் கதையையும் சேர்த்து இலவசமாக வெளியிடுவோம். மோட் என்பார்கள். நானும் என் தங்கையின் கணவரும் சேர்ந்து, ஒற்றை ஆள் ஆடும் ஏழு கட்டக் கதை ஒன்றைச் செய்தோம். நான்கு வருட வேலை. அதில் ஒவ்வொரு சுவரும் நான் எழுப்பியது. மாப்பிள்ளை வசனம் எழுதினார். நன்றாகவே எழுதினார், அதை மறுக்கமாட்டேன்.

ஏழாவது கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர்களுடைய மகள் போனாள். ஆறு வயது. பட்டாணி என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கை கடைக்குப் போயிருந்த நேரத்தில், குழந்தை பால்கனியில் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். நான்காவது மாடி. தான் குளித்துக்கொண்டிருந்ததாக மாப்பிள்ளை எல்லோரிடமும் சொன்னார். காதில் ஹெட்போனோடு அவர் எங்கள் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதபோதும் நான் மூச்சுவிடவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு நான் எவ்வளவு விசுவாசமாக இருந்தேன் என்பது அப்போதுதான் புரியும்.

எட்டு மாதம் கழித்து மோட் வெளியானது. ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். விளையாட்டு செய்யும் நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்தது. அப்போதுதான் முகப்பைக் கவனித்தேன். கதை, வடிவமைப்பு இரண்டுக்கும் அவர் பெயர் மட்டும். என் பெயர் கடைசியில், சோதனையில் உதவியோர் பட்டியலில் பதினோராவது.

“வெளியிடற தளத்துல ஒரே ஒரு பேர்தான் கேட்டாங்க மச்சான். நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்.”

“நமக்குள்ள என்ன மாப்பிள்ளை,” என்றேன்.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, அவருடைய வீட்டை விளையாட்டுக்குள் கட்ட ஆரம்பித்தேன். அளவெல்லாம் என்னிடம் இருந்தன. அந்த வீட்டுக்கு அலமாரிகள் வரைந்து கொடுத்ததே நான்தான். ஆடுபவன் மேசை முன் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான். எங்கோ ஒரு குழந்தை கூப்பிடும். ஹெட்போனைக் கழற்றினால் குரல் தெளிவாகும். எழுந்து, கூடத்தைக் கடந்து, பால்கனிக்கு ஓட வேண்டும். இருப்பது ஒரே கட்டம். அவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் போன் வந்தது.

“ஏன் மச்சான் இப்படிப் பண்ணீங்க?”

“அவளக் காப்பாத்த வழி வெச்சிருக்கேன் மாப்பிள்ளை. தேடிப் பாருங்க.”

“நெஜமாவா?”

“உங்ககிட்ட நான் எப்பப் பொய் சொல்லியிருக்கேன்?”

வழி எதுவும் வைக்கவில்லை.

அவர் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தின் குறிப்பும் என் கணினிக்கு வந்துகொண்டிருந்தது. அவர் சலித்துப்போவது போலத் தெரிந்தால் புதிய பதிப்பு அனுப்புவேன். முதல் பதிப்பில், அவர் கூடத்தில் வரும்போதே குழந்தை விழுந்துவிடுவாள். அடுத்ததில் ஆறடி தூரத்தில். பிறகு மூன்றடி. கடைசிப் பதிப்பில் கவுன் நுனி விரலில் படும். ஆடுபவனுக்கு நம்பிக்கை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. அவர் புது வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பத்தொன்பது நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்.

நடுவில் தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, அவர் சரியா சாப்பிடறதே இல்ல. அந்த ரூமை விட்டு வரமாட்டேங்கிறார். நீ சொன்னா கேப்பார்.”

போனேன். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “ரொம்பக் கிட்ட வந்துட்டேன் மச்சான்,” என்றார். கூடத்து வளைவில் இன்னும் சீக்கிரம் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபமே இல்லை.

பட்டாணி போனபிறகு பால்கனிக்குக் கம்பிவலை அடிக்கச் சொல்லி நான் வற்புறுத்தியிருந்தேன். இனிமேல் யாருக்கு என்று அவர்தான் தட்டிக்கழித்தார். இருபதாம் நாள் காலை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடியிருக்கிறார். தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, “வந்துட்டேன்டா, வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போனாராம். இடுப்புயரச் சுவர் அவரை நிறுத்தவில்லை.

ஆகவே அவர் சாவுக்குக் காரணம் நான்தான். தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

விளையாட்டில் வரும் குழந்தைக் குரல் யாருடையது என்று கேட்டீர்கள். பட்டாணியுடையதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இணையத்தில் பேசிக்கொண்டே சோதித்தோம். வழக்கம்போல என் பக்கம் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. அவருடைய மைக்கில், பின்னால் எங்கிருந்தோ, “அப்பா, இங்க பாருங்க, மேல ஏறிட்டேன்” என்று மூன்று தடவை கூப்பிட்டாள். குண்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஏழாவது கட்டம் முடிய நான்கே நிமிடம்தான் பாக்கி. நான் “கவனம் சிதறாம ஆடுங்க மாப்பிள்ளை” என்று மட்டும் சொன்னேன்.

நான் மாமன்தானே. காதில் வாங்கியிருக்க வேண்டியது தகப்பன்.