ரெண்டாளு அரிசி

அந்தத் தராசை இப்பவே எடுக்காத தாயி, செத்த உக்காரு. அரிசி எங்கயும் ஓடிப்போயிராது. தெப்பக்குளத்துல பஸ்ஸை விட்டு எறங்கி இம்புட்டு வெயில்ல நடந்து வந்திருக்க, மொதல்ல இந்தத் தண்ணியக் குடி.

இன்னிக்கு ஏழாவது நாளுல்ல? நாளையில இருந்து வேற வீடு. தெரியும், தெரியும். கடைசி நாளும் நீ அரிசிய நிறுத்து எழுதட்டும்னுதான் ஒலையே இன்னும் வைக்கல.

நீ மொத நாளு வந்தப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சண்டைக்காலமாச்சே, அரிசியப் புடுங்க சர்க்கார்ல அனுப்பிச்ச ஆளுன்னு நெனச்சு, பானையத் தூக்கி வெறகுக்குப் பின்னால ஒளிச்சேன். சிரிக்காத. பி.ஏ. முடிச்சிட்டு அதுக்கு மேலயும் மெட்ராசுல ஒரு படிப்பு, அதுவும் சோத்தப் பத்தின்னா எவ நம்புவா? சோறு திங்க எதுக்கு தாயி எம்.ஏ.? என்னது, எம்.எஸ்ஸியா? ஏதோ ஒண்ணு. நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டு, நோயாளிக்கு இதைக் குடு, அதைக் குடுக்காதன்னு சொல்லப்போற. நல்ல வேலைதான். ஆனா வாத்தியாரு மக, இப்படி ஒத்தையில தராசைத் தூக்கிட்டு வீடு வீடா அலையுறியே சகாயமேரி, நீ என்ன சாப்பிடுறன்னு எவளாச்சும் நிறுத்துப் பாத்தாளா?

கஞ்சிய வடிக்காதீக அக்கா, சத்தெல்லாம் அதோட போயிருதுன்னு சொன்னேல்ல, நேத்து வடிக்கல. சோறு கொழகொழன்னு போச்சு. வாயில வைக்க வெளங்கல. இருந்தாலும் ஒனக்காகத் தின்னேன்.

நேத்து நோட்டைப் பாத்துட்டு மூஞ்சியச் சுருக்குன பாரு. இருபது அவுன்சு அரிசி ரெண்டாளுக்குப் பத்தாதுக்கா, மில்லுல மூட்டை தூக்குற ஒங்க வீட்டுக்காரருக்கு இது எப்படிக் காணும், ஒரு முட்டையாவது அவிச்சுக் குடுங்கன்னு சொன்ன. நீ போனப்பறம் அதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தெனமும் வந்ததும் நீ கேக்குறது அதானே. அவுக சாப்பிட்டாகளா, மிச்சம் வச்சாகளா? நீ வார நேரத்துல அவுக இருக்கவும் மாட்டாக. நான்தான் சொல்லுவேன், சாப்பிட்டாக, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாகன்னு. அதைச் சொல்றதுக்காகவே எப்படா விடியும்னு கெடப்பேன். கிறுக்கச்சி மாதிரி இருக்குல்ல?

இரு, அதுக்குள்ள என்ன எழுதுற? பேரா? என் பேரைச் சோலையம்மான்னு அன்னைக்கே போட்டுட்ட. வீட்டுக்காரரு பேரும் எழுதிட்டியே. புருசன் பேரை வாயால சொன்னா அவுக ஆயுசு கொறையும்னு எங்கள்ல சொல்ல மாட்டோம். அதான், மலை மேல கோவணத்தோட நிக்குற சாமி பேருன்னு சாடை சொன்னேன். நீ வேதக்காரப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும், பழனின்னு எழுதிக்கிட்ட. நானும் திருத்தல. யாரோ ஒரு பழனி சாப்பிட்டதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒரு வீட்டுக் கணக்கு பொய்யின்னாலும் படிப்பே பொய்யாயிரும்னு ஒங்க டீச்சரம்மா சொல்லுவாகன்னு சொன்னேல்ல. எதுக்குத்தான் அதைச் சொன்னியோ. ஏழு நாளா உறுத்திக்கிட்டே கெடக்கு.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா, சோலை புருசன் ரங்கூன்ல இருக்காருன்னு. மில்லும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. ஊரே அவுக ரங்கூன்லதான் இருக்காகன்னு நெனச்சிட்டிருக்கு. குண்டு போட்டப்ப அங்கருந்து நம்ம சனம் நடந்தே வந்துச்சுல்ல, அதுல கருத்தக்கண்ணன் அண்ணனும் ஒரு ஆளு. ரெண்டு வருசம் ஆச்சு. இந்தா இந்த வாசல்லதான் வந்து நின்னாரு. நடக்குற வழியில எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சலாம். ஏதோ ஒரு ஆத்தங்கரையாம். அவருதான் மண்ணு தள்ளுனாராம். வெளிய சொல்லிராதண்ணேன்னு கையப் புடிச்சுக்கிட்டேன். அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடல.

தாலி கழுத்துல கெடக்கு. ஊருல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கடுதாசி வந்துச்சான்னு மொதல்ல கேட்டாக, அப்பறம் அதையும் விட்டுட்டாக. அவுக சாப்பிட்டாகளான்னு யாரு கேப்பா? நீ ஒருத்திதான் கேட்ட. கேட்டதும் எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல தாயி.

அரிசி மட்டும் பொய் இல்ல. பானையில கைய விட்டா கை தானா ரெண்டாளுக்கு அள்ளுது, நான் என்ன செய்ய. பொழுது சாய பாதியத் திம்பேன், மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சு விடியக் குடிப்பேன். அப்ப இருபது அவுன்சு ஓராளுக்குக் காணும்ல? காணுமா? அம்புட்டுதான். நான் நல்லாத்தான் சாப்பிடுறேன், நீ ஒண்ணும் வெசனப்படாத.

பென்சிலை ஏன் கீழ போட்ட, எடு. ஆளு எத்தனைங்கிற எடத்துல ரெண்டை அடிச்சிட்டு ஒண்ணு போடு. போட்டியா? அந்தப் பழனியையும் அடி. அது அவுக பேரு இல்ல. மலையாண்டி. ஆமா, நான்தான் சொல்றேன், மலையாண்டி. நல்லா எழுத்துக்கூட்டி எழுதிக்கோ. சொன்னா இனிக் கொறையிறதுக்கு ஒண்ணுமில்ல.