பேராச்சி வழி

இப்பக் கடையும் காருமாக் கெடக்கே இந்தக் கரிசல்பட்டி, முந்தி ஒரு காலத்துல இது வெறும் உடமுள்ளுக் காடு. அந்தக் காட்டுக்குள்ள புதுசா ஒரு பல்கலைக்கழகம் கட்டுனாங்களாம். எடம் குடுத்தது நூல் மில்லு மொதலாளி.

அங்க பொருளாதாரம் நடத்த ஞானசிகாமணின்னு ஒரு வாத்தியாரு வந்தாராம். பாடத்த ஒப்பிக்கவே விடமாட்டாராம். வகுப்ப ரெண்டாப் பிரிச்சு, "நீங்க இந்தக் கட்சி, நீங்க அந்தக் கட்சி, பேசுங்க"ம்பாராம். கதவு தொறந்தே கெடக்குமாம், யாரு வேணாலும் வந்து கேக்கலாமாம்.

யாரு வேணாலும்னா அதுல மொதலாளியும் உண்டுல்லா? ஒருநா வந்துட்டாரு. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டாரு. அன்னைக்குன்னு பாத்து வாதம் என்ன தெரியுமா? நூல் வெல ஏறுனா மில்லுல கூலியும் ஏறணுமா, வேண்டாமா! வாத்தியாரு மொகம் வெளிறிப்போச்சாம். ஆனா தலைப்ப மாத்தல.

அந்த வகுப்புல பேராச்சின்னு ஒரு புள்ள படிச்சா. அவ அப்பன் இருளப்பன் அந்த மில்லுக்கு வாச்சுமேன். குடியிருக்கதும் மில்லு வீடு. நல்லவேளையா அவளுக்கு விழுந்தது 'வேண்டாம்'ங்கிற கட்சி. சாமி காப்பாத்துச்சுன்னு நெனச்சா, பாவம்.

எதிர்க்கட்சியில ஒருத்தன் எந்திரிச்சான். மொதலாளியப் பாத்தான். உக்காந்துட்டான். இன்னொருத்தன் எந்திரிச்சான். "சொல்ல ஒண்ணுமில்ல சார்"னான். அவனும் உக்காந்துட்டான்.

மொதலாளி சிரிச்சாராம். "எல்லாரும் திருப்தியாத்தான் இருக்காங்க. பாடத்த முடிங்க வாத்தியாரே."

நூல் வெல ஏறுன கையோட அரிசி வெலையும் ஏறுனது பேராச்சிக்குத் தெரியும். அப்பன் சம்பளம் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கி. அவளால உக்காந்திருக்க முடியல. எந்திரிச்சா. காலு வெடவெடன்னு ஆடுது. ரெண்டு கட்சிக்கும் நடுவுல இருந்த வழியத் தாண்டி எதிர்ப்பக்கம் போயி நின்னா.

"சார், இந்தக் கட்சிக்கு ஆளில்ல. நான் பேசுதேன்."

பேசுனா. "நூல் வாங்குதவன் கூடுதலாத்தான் குடுக்கான். நூத்தவங்க கைக்கு வரல. நடுவுல எங்க சார் போச்சு?"

சிரிப்பு நின்னுபோச்சு. "இது யாரு மக?"ன்னாரு மொதலாளி.

வாத்தியாரு எந்திரிச்சாராம். "இங்க வாதத்தக் கேக்கலாம்யா. யாரு மகன்னு கேக்கப்பிடாது."

எப்படியும் தெரியத்தான போவுது? அவளே சொல்லிட்டா: "இருளப்பன் மக."

மறுநா விடியவும் வீட்டுக்குப் பூட்டு. சட்டிபானையோட ரோட்டுல நின்ன இருளப்பன், ரொம்ப நாளு மககூடப் பேசவே இல்லையாம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். பேராச்சி அன்னைக்கும் வகுப்புக்குப் போனா, அந்த எதிர்ப்பக்கமே உக்காந்தா. அவளுக்கு அழுகையா வந்துச்சாம். கொஞ்ச நேரங்கழிச்சு அவ பழைய கட்சியில இருந்து ஒருத்தி எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்தா. அப்புறம் இன்னொருத்தன்.

அதுலருந்துதான் அந்த வகுப்புல நடு வழிய அடைச்சுப் பெஞ்சு போடுததில்ல. அதுக்குப் பேரு பேராச்சி வழி. வாதம் நடக்கையில யாரு வேணாலும் எந்திரிச்சு அதத் தாண்டலாம். ஏன்னு கேக்கப்பிடாது, யாரு புள்ளன்னும் கேக்கப்பிடாது. ஆனா காலு நடுங்காமத் தாண்டுனா, அது தாண்டுனதுல சேராதாம்.