காலியாக விட்ட கட்டம்

உட்காருங்கள், கோ மாரிச்சாமி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். சுவரோடு ஒட்டிப் போட்டால் நிற்கும். கலா டீ போடுகிறாள். அவள் கை டீயைக் குடித்துப் பார்த்தால் நான் சொல்லப்போவது இன்னும் நன்றாகப் புரியும்.

நீங்கள் கோயில் செயலாளராக வந்ததும் வராததுமாகக் கல்யாணப் பதிவேட்டில் ஒரு தாள் குறைவதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரவல் நோட்டைப் புரட்டினால் என் கையெழுத்து. மறுக்கமாட்டேன். நாற்பது வருஷமாகக் கியாக்டடா கோர்ட்டு வாசலில் மனு எழுதி, பழைய ஆவணம் தேடிப் பிழைத்தவன். கையெழுத்துப் போடாமல் ஒரு துண்டுச் சீட்டைக்கூட எங்கிருந்தும் எடுத்ததில்லை. அந்தத் தாளை எடுத்த அன்றும் பழக்கதோஷம் விடவில்லை, பாருங்கள்.

இந்த நாட்டில் நம் தமிழ் ஆட்கள் குடியுரிமை அட்டை கேட்டுப் போனால் பாட்டன் பூட்டன் காலத்துச் சான்று கேட்பார்கள். உடனே விநாயகமூர்த்தியைத் தேடி வருவார்கள். கல்யாணப் பதிவு, கோர்ட்டுத் தீர்ப்பு என்று கோத்துப் பதினைந்து நாளில் வம்சாவளியைக் கையில் கொடுத்துவிடுவேன். எத்தனையோ குடும்பம் என் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறது.

கலா என் மனைவி கனகாம்பாளின் ஒன்றுவிட்ட தங்கை மகள். ஆறு வயதில் தாயை இழந்தாள். தகப்பன் போன இடம் தெரியவில்லை. அவளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது நாங்கள். எந்தக் குடும்பப் பட்டியலிலும் பெயர் ஏறாததால் அவளுக்கு அட்டை இல்லை. அவளுடைய தாய்வழியைத் தேடத் தொடங்கினேன்.

பெரிய வம்சம். தெற்கே மோல்மீன் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த பொன்னுத்துரை, தோட்டத்தில் பால் வெட்டிய பாப்பம்மாளுக்கு 1931இல் நம் க்யிம்யிண்டைங் கோயிலில் தாலி கட்டினார். அவர் கண்ணை மூடியதும் அண்ணன் தம்பிகள் கப்பலேறி வந்து, அவள் மனைவியே இல்லை என்று வழக்குப் போட்டார்கள். கோர்ட்டார் கோயில் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்து, பாப்பம்மாள்தான் முறையான மனைவி, ரத்தினம்மாள் அவருக்குப் பிறந்த மகள் என்று தீர்ப்பு எழுதினார்கள். தோட்டம் யுத்தத்தோடு போயிற்று. அந்த ரத்தினம்மாள்தான் கலாவின் பாட்டி.

பதிவேட்டுத் தாளும் தீர்ப்பு நகலும் சேர்ந்தால் கலாவுக்கு அட்டை. அட்டை வந்தால் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தால் சிங்கப்பூர். அங்கே ரவி என்று ஒரு பையன், வெல்டர், தங்கமான பிள்ளை, அவளுக்காகக் காத்திருந்தான்.

தேட ஆரம்பித்த ஒன்பதாம் நாள் கோயிலில் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டேன், தீர்ப்பு நகலும் கைக்கு வந்துவிட்டது.

அப்போது கனகாம்பாள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். வீட்டுக்கு வந்தேன். கலா என் சட்டைகளைத் தேய்த்து அடுக்கியிருந்தாள். அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. "பெரியப்பா, கிடைச்சுச்சா?" என்று ஓடி வந்தாள். இவளும் போய்விட்டால் எனக்கு ஒரு வாய் கஞ்சி வைக்க யார் இருக்கிறார்கள்?

"பதிவேட்டைக் கரையான் அரிச்சிருக்கும்மா. கோர்ட்டுக் கட்டுலதான் பாக்கணும்" என்றேன். ஒரு மாதம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. அதோ சுவரில் இருக்கிறதே வம்சாவளிப் படம், அவள் கையால் எழுதியது. பொன்னுத்துரைக்கும் ரத்தினம்மாளுக்கும் நடுவே ஒரு கட்டம் காலியாக இருக்கிறதல்லவா? பாப்பம்மாள் பெயர் ஏற வேண்டிய இடம். சான்று கைக்கு வராமல் பெயர் எழுதக்கூடாது என்பது என் தொழில் முறை. சான்று வந்ததும் எழுத வேண்டுமென்று பக்கத்திலேயே நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்து வைப்பாள்.

ரவி ஆறு வருஷம் பொறுத்தான். பிறகு வேறு இடத்தில் முடித்துக்கொண்டான். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் எனக்கு மீன் வறுத்து வைத்துவிட்டு, "யபாடே பெரியப்பா, பரவால்ல. எனக்காக நீங்க எவ்வளவு அலையுறீங்க, அது போதும்" என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

லைங் தாயா தையல் ஆலைக்கு வரச்சொல்லி அவளுடைய சிநேகிதி அனு கூப்பிட்டாள். அட்டையில்லாத பெண்ணை வழியில் நிறுத்திச் சோதித்தால் என்ன ஆகும் என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு அவள் மாடியை விட்டு இறங்குவதேயில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது. கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே முடிந்துவைத்திருக்கிறேன். அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. போன மாதம் அவள் காதோரம் நரை பார்த்தேன். மறுநாளே தலைக்கு மை வாங்கி வந்தேன். எந்தக் குறையும் வைக்கவில்லை.

கரையான் அரித்தது என்று சொன்ன பிறகு அந்தத் தாள் கோயிலில் இருப்பது சரியில்லையே. என்றாவது யாராவது அவளிடம் சொல்லிவிட்டால்? தையல் விட்டுப்போயிருக்கிறது, ஒட்டித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். இரண்டையும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தேன். வருஷா வருஷம் கற்பூர உருண்டை மாற்றுகிறேன். ஒரு பூச்சி தொட்டதில்லை. நான் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. நான் கெட்டவனில்லை என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது, கவனித்தீர்களா? கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. கேட்கட்டும். நான் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள், எப்போதும் அப்படித்தான்.

இந்தாருங்கள், சின்னச் சாவி. பெட்டியைத் திறந்து இரண்டையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பெரிய சாவி கம்பிக் கதவினுடையது. நீங்கள் புறப்படும்போது நானே திறந்துவிட்டுப் பூட்டிக்கொள்கிறேன். அவள் என்னை விட்டுப் போகமாட்டாள், எனக்குத் தெரியும். இருந்தாலும், அது என்னிடமே இருக்கட்டும்.