ஆர். அருளப்பன் என்று வெட்டிய கல்

ஓடுகிறோம். மக்காச்சோளத்துக்குள் ஓடுகிறோம். தட்டைகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. முன்னால் போகிறவனின் முதுகுப்பை மட்டும் தெரிகிறது. தலைக்கு மேலே சடக். சடக். சடக். காய்ந்த விறகை ஒடிக்கிற மாதிரி. அது துப்பாக்கிச் சத்தம் அல்ல. குண்டு நம்மைக் கடந்து போகிற சத்தம். துப்பாக்கிச் சத்தம் பிறகுதான் வரும், தூரத்திலிருந்து, டப் டப்பென்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் சுடுகிறவன் கிட்டே வந்துவிட்டான் என்று அர்த்தம். இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

"டவுன்! டவுன்!"

கார்ப்பரல் ஹாரிஸின் குரல். விழுகிறோம். வாயெல்லாம் மண்.

"அருளப்பன்! லெஃப்ட்! கெட் இன் த டிச்!"

எனக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிற ரூபன் தலையைத் திருப்புகிறான். முகம் முழுக்கப் புழுதி. பல் மட்டும் வெள்ளை. சிரிக்கிறான், பாவி.

"எங்கப்பாவ எதுக்குலே கூப்பிடுதான்? அவரு கடலுக்குப் போயிருக்காருன்னு சொல்லுலே."

சொல்லிவிட்டு இடது பக்க வாய்க்காலை நோக்கித் தவழ்ந்து போனான். முழு ஆளாக அவனை நான் பார்த்தது அதுதான் கடைசி.

என் பெயர் இசக்கி. பாளையங்கோட்டைக்காரன். இப்போது டெக்ஸஸில், இர்விங்கில் இருக்கிறேன். மனைவிக்கு ஐடி வேலை. நான் ஓர் ஆபீஸ் கட்டிடத்தின் காவல் பொறுப்பைப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் பிரிட்டிஷ் காலாட்படை பட்டாலியன் ஒன்றில் சிப்பாய். இதை இங்கே பர்த்டே பார்ட்டிகளில் சொன்னால் சிரிக்கிறார்கள். "வெள்ளைக்காரன் போய் எவ்ளோ வருஷம் ஆச்சு, நீங்க என்ன அங்கிள் இப்ப போய் அவன் ஆர்மில ஜாயின் பண்ணிருக்கீங்க?" நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தட்டில் இட்லி எடுத்துக்கொள்வேன். சோளக்காட்டை நடுவீட்டில் எப்படிக் கொண்டுவருவது?

நானும் ரூபனும் படிக்கத்தான் இங்கிலாந்து போனோம். படிப்பு பாதியில் நின்றது. பெட்ரோல் பங்க்கில் நின்றோம். கோழி பொரித்தோம். காமன்வெல்த் நாட்டு ஆட்களை ராணுவத்தில் எடுக்கிறார்கள் என்றார்கள். இரண்டு பேரும் போனோம். எடுத்துக்கொண்டார்கள். பட்டாலியன் கொடியில் அது சண்டை போட்ட ஊர்களின் பெயர்களைத் தைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு நம் நாட்டுப் பெயர்களும் இருந்தன. ரூபன் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடி இல்லல, தப்பிச்சோம்" என்றான்.

பெயர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். ராணுவத்தில் அந்தக் கட்டத்தில் இருப்பதுதான் பெயர். சட்டையில் தைப்பது அது. கூப்பிடுவது அது. ஆகவே அந்தப் போர் முழுக்க என்னை என் அப்பா பெயரால் கூப்பிட்டார்கள். சுடலைமுத்து. நாக்கு சுளுக்கிக்கொண்டு கடைசியில் "முட்டு" என்று நிறுத்தினார்கள். ரூபனின் அப்பா பெயர் அருளப்பன். அது அவர்கள் வாயில் ஒழுங்காகவே வந்தது. காலையில் ஆள் எண்ணும்போது "அருளப்பன்!" என்பார்கள். "சார்!" என்று கத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்பான். தினமும் அதே வேடிக்கை. தினமும் நான் சிரித்தேன்.

அவன் அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் சொந்த மீன்பிடி வள்ளம். மகன் ராணுவத்தில் சேர்ந்ததை அவர் ஏற்கவில்லை. எவனோ போடுகிற சண்டைக்கு என் மகன் எதற்கு என்று கேட்டார். போனால் என் முகத்தில் விழிக்காதே என்று சொன்னார். இவன் போனான். அவர் பேச்சை நிறுத்தினார்.

முகாமில் சாட்டிலைட் போன் உண்டு. எங்கள் முறை ஞாயிற்றுக்கிழமை. ரூபன் வீட்டுக்கு அடிப்பான். அம்மா எடுப்பார். பேசி முடிக்கிற நேரத்தில், "அப்பா இருக்காராம்மா?" என்பான். அவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்பார் அம்மா. சரிம்மா என்று வைத்துவிடுவான். எல்லா ஞாயிறும் அதே பதில். அந்தப் பதிலைத்தான் அவன் காலையில் வேடிக்கையாக மாற்றிக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும். வேறு ஒன்று தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாய்க்கால்.

முதலில் சத்தம் இல்லை. தரை ஒரு முறை தூக்கிப் போடுகிறது. பிறகுதான் சத்தம். பெரிய இரும்புக் கதவைக் காதோடு சேர்த்து அறைந்த மாதிரி. பிறகு ஒன்றுமே இல்லை. மண் மழை. கட்டி கட்டியாக. சோளத் தட்டைகள் மெதுவாக விழுகின்றன. இடது காதில் கொய்ங் என்ற ஒலி. அது இன்றைக்கும் இருக்கிறது.

வாய்க்கால் கரையில் வெடியைப் புதைத்து வைத்திருந்தார்கள். முன்னால் டேனி, கண்ணிவெடி தேடும் கருவியோடு அதே இடத்தைத்தான் கடந்திருந்தான். கருவி கத்தவில்லை. வெடியில் இரும்பே இல்லை, மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்தது. டேனி தப்பு ஒன்றும் செய்யவில்லை. அவன் அதை நம்பவே இல்லை, அது வேறு.

"மேன் டவுன்! மேன் டவுன்!"

தவழ்கிறேன். குண்டு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ரூபனின் வலது கால் முழங்காலுக்கு மேலேயே அறுந்து போயிருக்கிறது. இடது கால் இருக்கிறது, ஆனால் கவட்டை வரை கிழிந்திருக்கிறது. ரத்தம் அடித்து அடித்து வருகிறது. வலது தொடையில் ரத்தம் நிறுத்தும் பட்டியைப் போட்டுத் திருகுகிறேன். நிற்கிறது. இடது பக்கம் போடுகிறேன். வழுக்குகிறது. மறுபடி. வழுக்குகிறது. காயம் தொடையின் உச்சியில். பட்டி பிடிக்க இடமில்லை. பயிற்சியில் ரப்பர் பொம்மைக்குப் போட்டுப் பழகியிருந்தோம். பொம்மைக்கு வழுக்கியதே இல்லை.

மருத்துவச் சிப்பாய் கேட்டி வந்து விழுகிறாள். சின்னப் பெண். துணியைக் காயத்துக்குள் திணிக்கிறாள். என் முட்டியைப் பிடித்து அதன் மேல் வைக்கிறாள்.

"நீல் ஆன் இட்! டோன்ட் மூவ்!"

மண்டியிடுகிறேன். என் சிநேகிதன் மேல் என் முழு எடையையும் வைத்து மண்டியிடுகிறேன். அவன் அலறுகிறான். நான் அழுகிறேன். எழுந்தால் செத்துப்போவான்.

ஹெலிகாப்டர் வருகிறது. முதலில் நெஞ்சில் உணர்கிறோம், அப்புறம் கேட்கிறது. டக டக டக. பச்சைப் புகை போடுகிறோம். இறங்குகிறது. சோளம் மொத்தமும் படுத்துவிடுகிறது. படுத்ததும் மரவரிசையிலிருந்து சுடுகிறவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. ஹெலிகாப்டரின் வயிற்றில் குண்டு படுகிற சத்தம். தகரத்தில் கல் எறிகிற சத்தம். அது எழும்புகிறது. திரும்புகிறது. போகிறது.

"கம் பேக்! கம் பேக்!" கார்ப்பரல் வானத்தைப் பார்த்துக் கத்துகிறார். வானத்துக்கு யார் சொல்வது?

அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பயிற்சி. கேட்டி கூப்பிடுகிறாள். "அருளப்பன்! ஸ்டே வித் மீ!" கார்ப்பரல் கூப்பிடுகிறார். "அருளப்பன்!" ரேடியோக்காரன் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சோளத்துக்குள்ளிருந்து டேனி அழுதபடி கத்துகிறான், "ஐ ஆம் சாரி, அருளப்பன்!" நான்கு பக்கமும் அதே பெயர். நான் மட்டும் ரூபன், ரூபன் என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ரூபன் அலறுவதை நிறுத்தினான். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தட்டைகளுக்கு இடையே, யாரையோ தேடினான்.

"அப்பா வந்துட்டாராலே?"

வேடிக்கை இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"வந்துட்டாருலே," என்றேன். "வந்துட்டாரு."

என் சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டான். அந்தக் கையைச் சோளத்தை நோக்கி நீட்டினான். யாரும் இல்லாத பக்கம். கொஞ்ச நேரம் அது அப்படியே நின்றது. எனக்குத் தாங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

ஹெலிகாப்டர் இரண்டாம் முறை வந்தது. ஏற்றினோம். கதவு மூடியது. முகாமுக்குத் திரும்பி நடந்தோம். ரேடியோவில் செய்தி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அருளப்பன் இறந்துவிட்டார் என்றார்கள்.

இதெல்லாம் ஏன் இப்போது? ரூபனின் அக்கா ஜாஸ்மின் சுகர் லேண்டில் இருக்கிறார். கணவருக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. பட்டாலியன் பழைய ஆட்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "அப்பா விசிட்டர் விசால வந்திருக்காரு. உங்கள ஒரு தடவ பாக்கணுமாம்." சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். ஃப்ரீவே முழுக்க மழை.

வாசலிலேயே அக்கா என்னை நிறுத்தினார். "அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. கஷ்டப்படாம போயிட்டான்னு மட்டும் சொல்லுங்க. ப்ளீஸ். வேற எதுவும் டிஸ்கஸ் பண்ண வேணாம்."

சரி என்றேன். உள்ளே ரூபனின் அப்பா, கறுத்து மெலிந்த மனிதர். மருமகனின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏசிக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பேத்தி எட்டிப் பார்த்து, "தாத்தா, ஹூ இஸ் ஹி?" என்றது. "மாமா கூட இருந்தவரு" என்றார். அது உள்ளே ஓடிவிட்டது.

அவர் போனை எடுத்தார். பட்டாலியன் தலைமையகத்தில் இறந்தவர்களுக்கு வைத்திருக்கும் கல். திறப்பு விழாவுக்குக் குடும்பத்தை அழைத்திருந்தார்கள். அங்கே எடுத்த படம். விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"படிங்க தம்பி."

ஆர். அருளப்பன்.

"எங்கப்பா பேரு ராயப்பன். நான் ஆர். அருளப்பன். ரேஷன் கார்டுல அதான். வள்ளத்துல எழுதுனதும் அதான். உசுரோட நிக்கேன், செத்தவங்க வரிசையில எம்பேரு. எம்மவன் ஒத்த எழுத்தாப் போயிட்டான்." போனை மடியில் கவிழ்த்தார். "எம்மேல கோவத்தோட போயிட்டான். அதான் கர்த்தர் எம்பேர அங்க வெட்டி வச்சிருக்காரு. கடைசியா என்ன சொன்னான்? மறைக்காதீங்க."

அக்கா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தார். தலையை அசைத்தார். வேண்டாம்.

சொன்னால் இவர் நெஞ்சு தாங்குமா? சொல்லாவிட்டால், மகன் கோபத்தோடு செத்தான் என்றே நினைத்துக்கொண்டு இவரும் போய்விடுவார். நான் சொன்னேன். சோளம், வாய்க்கால், நான்கு பக்கமும் அவர் பெயர். அப்பா வந்துவிட்டாரா என்று அவன் கேட்டது. வந்துவிட்டார் என்று நான் சொன்னது. தினமும் காலையில் சொன்ன வேடிக்கையையும் சொன்னேன். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார்.

அதற்குத்தான் அவர் உடைந்தார். அதுவரை அசையாமல் இருந்தவர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, எங்க சனம் ஞாயித்துக்கிழம கடலுக்குப் போவாது. பூசை நாளு. ஊருல ஒரு வள்ளம் எறங்காது. அவனுக்குத் தெரியும். சின்னப் புள்ளையிலேர்ந்து தெரியும். நான் போனுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அது அவனுக்குத் தெரியும், தம்பி."

எனக்குத் தெரியாத வேறு ஒன்று என்றேனே, அது இதுதான். கடல் இல்லாத ஊர்க்காரனான எனக்குக் கடற்கரை வழக்கம் தெரியவில்லை. அத்தனை ஞாயிறும் பொய் என்று தெரிந்துகொண்டேதான் அவன் சரிம்மா என்று போனை வைத்திருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "நான் வந்துட்டேன்னு சொன்னீங்கள்ல. நம்புனானா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. தெரியாது என்றேன். கையை நீட்டினான் என்றேன். எந்தக் கை என்று கேட்டார். வலது கை. அவர் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து தரையில் உட்கார்ந்தார்.

கணக்குச் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள்.

எங்கள் செக்ஷனில் எட்டுப் பேர் சோளத்துக்குள் போனோம். ரூபன் செத்தான். வயது இருபத்து நான்கு. கார்ப்பரல் ஹாரிஸ் அடுத்த மாதம், அறுவடைக்குப் பிறகு, வெட்டவெளியில் செத்தார். டேனி ஊருக்குத் திரும்பி, வீட்டில், தன் கையாலேயே செத்தான். அவன் பெயர் கல்லில் இல்லை. எனக்கு இடது காது போனது. சோளம் எரிந்தது. அது யாருடைய சோளம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததையும் இழப்பில்தான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது அருளப்பன் ஐயா கார் வரை வந்தார். மழை விட்டிருந்தது. இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். தலையாட்டினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் போன் அடிச்ச ஞாயித்துக்கிழம பதினேழு தம்பி. ஒண்ணு விடாம எண்ணிட்டுதான் உக்காந்திருந்தேன். அதையும் எழுதுங்க."

பதினேழு.