பத்தாம் லயத்தில் பேர் வெட்டு

— ‘ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. மடுல்சீமை, கீழ்ப்பிரிவு, பத்தாம் லயம். அறைகள் பன்னிரண்டு. ஆளுள்ள அறை ஒன்று. காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும்.’ இம்புட்டுத்தான் ஒங்க கதவுல எழுதி ஒட்டியிருக்காங்க, தபால்காரரே.

— எனக்கு வாசிக்கத் தெரியும், பூவம்மா. முப்பது வருஷம் அடுத்தவன் விலாசத்த வாசிச்சுத்தான் கண்ணு போச்சு.

— ஒன்னுன்னு போட்டிருக்காங்களே, அட சாமி! பக்கத்துக் காம்பரால நான் இல்லையா?

— செத்தவங்கள எண்ண மாட்டாங்க.

— செத்து முப்பது வருஷமாகுது. ஒரு நாளாவது கதவ இடிச்சிருப்பேனா? பாத்திரத்த உருட்டியிருப்பேனா? ஒழுங்கா இருக்கிற பேய்க்கு இதான் மரியாதையா?

— கதவ இடிக்கல. வாய்தான் மூடல. இந்த லயத்தக் கட்டுனவன் நடுச்சுவர கூரை வரைக்கும் கட்டியிருந்தா எனக்கு இந்தத் தொல்ல இருக்காது.

— அந்தக் கட்டைச்சுவரு மேலதான தெனம் ஒரு பிளேன்டீ வைக்கிறீங்க?

— ஆற வைக்கிறேன்.

— ஒங்க கோப்பை ஒங்க கையில இருக்கு. சுவரு மேல இருக்கிறது யாருக்கு ஆறுது?

— தொல்ல.

— சாயங்காலம் பேப்பர் வாசிக்கிறது?

— எனக்கு நானே வாசிச்சுக்கிறேன்.

— அம்புட்டு சத்தமாவா? மரண அறிவித்தல் பக்கம் வந்தா மட்டும் கொரலு எறங்கிப் போகுது.

— மனசு கஷ்டப்படுமேன்னுதான்.

— யாரு மனசு?

— தொல்ல, தொல்ல, தொல்ல!

— தயாபரன்னு பேரு. மருந்துக்குக்கூட தயவு இல்ல.

— பெரட்டு! பெரட்டு! பத்தாம் லயத்து ஆளுக எல்லாம் வரிசையில நில்லு!

— வந்துட்டாரு பாலசுப்பிரமணியம் கங்காணி. செத்து அம்பது வருஷமாகியும் மனுசன் விடிஞ்சா வேலைக்கு ஆளு கூப்புடுறாரு.

— ஏப்பா தபாலு, பெரட்டுல பேசப்படாது. தோட்டத்துத் துரை வந்தா யாரு பதில் சொல்றது? வெளங்குதா? பூவம்மா!

— இருக்கேன் கங்காணி.

— மொத்தம் ஒன்னு. பெரட்டு முடிஞ்சுது.

— ஒத்த ஆளுக்கு எதுக்குய்யா இந்தக் கத்து?

— முந்தி நாப்பது பேரு நின்ன எடம்ப்பா இது. சிவஞானம் பேர வெட்டுனேன், போயிட்டான். பெரியாயி பேர வெட்டுனேன், அவளும் போயிட்டா. பேரு வெட்டுனா அம்புட்டுத்தான். அப்பறம் சத்தம் இருக்காது, மூச்சு இருக்காது. இவ ஒருத்திதான் மிச்சம்.

— இவள ஏன் விட்டு வச்சிருக்கீங்க?

— இவளையும் வெட்டிட்டா நான் யாருக்குப்பா பெரட்டுக் கூப்புடுறது?

— அந்தக் கதையெல்லாம் கெடக்கட்டும் கங்காணி. என் காம்பரால சுவரு வெடிச்சிருக்கே, பாத்தீங்களா? நேத்து விரலு போற மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் கையே போகும். அடுப்படியில சேத்துத் தண்ணி ஊறுது.

— பாத்தேன். மேல் லயம் மண்ணுக்குள்ள போனப்பவும் மொதல்ல அடுப்படியிலதான் தண்ணி வந்துச்சு. மலை எறங்கப் போகுது, தபாலு. மத்தியானம் தாண்டாது.

— கேட்டீங்களா? பெட்டியக் கட்டுங்க. ஒங்கள ஏத்திட்டுப் போக றிஸாத் லொறியக் கொண்டாந்து ரோட்டுல நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். மத்த ஆளுக எல்லாம் பெரிய மழையன்னைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க.

— பள்ளிக்கூட ஹோல்ல நூறு பேரு படுத்திருக்காங்க. விடிஞ்சா அடைஞ்சா பேச்சு. எனக்கு ஆளுக ஆகாது.

— அப்ப நான்?

— நீ ஆளா?

— ஆள் இல்லாம வேற என்னவாம்?

— நீயும் வா. வர்றதா இருந்தா இப்பவே பெட்டியக் கட்டுறேன்.

— எப்பிடி வாறது? பேரு இந்த லயத்துப் பெரட்டுல இருக்கே. போன தீவாளிக்கு நீங்க சாமான் வாங்க பசறைக்குப் போறப்ப பின்னாடியே வந்தேன். கோயில் திருப்பத்துல காலு அப்பிடியே நின்னுருச்சு.

— ஒனக்கு ஏது காலு?

— சிரிப்பாணியா இருக்கா? அன்னைக்கு நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்கனயே நின்னேன். மழை வேற.

— நீ வர முடியாதுன்னா நானும் போகல.

— மண்ணு வந்து மூடிரும். செத்துருவீங்க.

— செத்தா பெரட்டுக்கு ரெண்டு ஆளாச்சு.

— எனக்கு ஆட்சேபனை இல்லப்பா. ஒன்னுக்கு ரெண்டு நல்லதுதான்.

— கங்காணி! நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போங்க! தபால்காரரே, நெசத்தச் சொல்லுங்க. பென்சன் எடுத்துட்டு ஏழு வருஷத்துக்கு முந்தி இங்க வந்தீங்க. பதுளையில ஒங்களுக்கு ஒரு அறை கெடைக்கலையா? இது பேய் லயம்னு சின்னப் புள்ளைக்குக்கூட தெரியுமே.

— அமைதியான எடம்னாங்க.

— பொய்.

— பொய்தான்.

— நான் உசுரோட இருக்கயில தெனம் ஒங்ககிட்டக் கேப்பேன். கொழும்புக்குப் போன எம்புருசன்கிட்ட இருந்து காயிதம் இருக்கான்னு. நீங்க பையக்கூட தொறக்காம ‘இல்ல’ன்னுட்டுப் போவீங்க. எம்புட்டுக் கடுப்பா வரும் தெரியுமா?

— இல்லன்னு தெரிஞ்சுதான் வருவேன்.

— என்னது?

— பத்தாம் லயத்துக்கு ஒரு காயிதமும் இல்லாத நாளு எத்தனையோ இருக்கு. அன்னைக்கும் ரெண்டு கட்டை தூரம் மலை ஏறி வருவேன். நீ வாசல்ல நின்னு ‘எனக்கு இருக்கா’ன்னு கேக்கணும். அதுக்குத்தான்.

— அட சாமி.

— அப்பிடி மூனு வருஷம். ஒரு நாள் வாறேன், ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கையில குளவி கொட்டிருச்சுன்னு கம்பளியில ஒன்னையத் தூக்கிட்டு வர்றாங்க. அன்னைக்குப் பையில ஒன்பதாம் லயத்துக்கு நாலு காயிதம். குடுத்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்கப்பறம் எவன்கிட்டயும் பேசப் புடிக்கல. போதுமா?

— முப்பது வருஷம் கழிச்சா இதச் சொல்றீங்க?

— ஆகட்டும். றிஸாத்த வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டு வாறேன்.

— போயிட்டு வாங்க.

— அந்தப் பய கேக்க மாட்டேங்கிறான், பூவம்மா. நான் வந்து ஏறுற வரைக்கும் லொறி ஓர்ன் அடிப்பானாம். அடிக்கட்டும். அடுப்பு நனைஞ்சு போச்சா பாரு, டீ வைப்போம்.

— தபாலு, அங்கயே நில்லு. பெரட்டு.

— இப்பத்தான முடிச்சீங்க?

— இது பேரு வெட்டுற பெரட்டு. பூவம்மா!

— இருக்கேன் கங்காணி.

— என்ன வெளையாட்டு இது?

— நீ ரோட்டுக்குப் போன நேரத்துல அவதான்ப்பா கேட்டா. எனக்கு மட்டும் ஆசையா?

— பூவம்மா, என்ன சொல்றாரு இந்த மனுசன்?

— நெசந்தாங்க. எனக்கு வர வேண்டிய காயிதம் வந்து சேந்திருச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சு. இனிமே வாசல்ல நின்னு என்ன செய்யப் போறேன்?

— இரு. நான் இன்னும் முழுசா சொல்லல.

— போறேங்க.

— போறேன்னு சொல்லாத. போயிட்டு வாறேன்னு சொல்லு.

— வர மாட்டேனே. போறேன்.

— பத்தாம் லயம். பூவம்மா. பேரு வெட்டியாச்சு.

— பூவம்மா.

— கூப்புடாத தபாலு.

— பூவம்மா! ஏய், ஏதாச்சும் பேசு. நான் திட்ட மாட்டேன். பாட்டு வேணும்னாலும் பாடு.

— சத்தம் வருதா?

— இல்ல.

— அப்ப வெளங்குதா?

— ஏன்யா வெட்டுனீங்க? ஒங்களுக்கு இனி யாரு இருக்கா?

— எனக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல. இங்கன நின்னு யாருக்காகச் சாகப் போற? ஓர்ன் கேக்குதுல்ல? பெட்டிய எடு.

— பேப்பர் கட்டு கெடக்கு.

— கெடக்கட்டும்.

— கதவப் பூட்டவா, கங்காணி?

— பூட்டி என்ன செய்யப் போற?

— அப்ப சரி. நான் வாறேன்.

— வராத. ஓடு.

— …

— படியெறங்கிட்டான். வழுக்குது அவனுக்கு. ஆ, றிஸாத் கையப் புடிச்சு ஏத்திட்டான். முன்சீட்டுலதான் ஒக்காந்திருக்கான். தலைய வெளிய போட்டு இங்கயே பாக்குறான், கிறுக்குப் பய. பாக்கட்டும். லொறி எடுத்தாச்சு.

— …

— இனி நான் பேசலாமா, கங்காணி?

— பேசு, பூவம்மா. லொறி மறைஞ்சிருச்சு.